ஈபிடி கேட்டால் ஐஎஸ்ஓ சான்றிதழ் வரும்: ஒரு கட்டடத்துக்குக் கார்பன் கணக்குப் போட்ட அனுபவம்

ஒரு வழியாக ரிவ்யூ முடிந்து ‘ஏற்கப்பட்டது’ என்று வந்துவிட்டது. ‘லீட்’ என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காகப் போட்ட, அலுவலகக் கட்டடம் ஒன்றின் முழு ஆயுளுக்கான கார்பன், சுற்றுச்சூழல் தாக்கக் கணக்கு. சாஃப்ட்வேர் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. எண்கள் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்க வேண்டிய காகிதங்களுக்காக அலைந்ததுதான் மொத்த வேலையும். எங்கெங்கே முட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அடுத்தவருக்காவது கொஞ்சம் அலைச்சல் மிச்சம்.

முதல் இடி அளவுகளில். ‘எல்லாம் கம்ப்யூட்டர் மாடலிலேயே இருக்கிறது’ என்றுதான் தொடக்கக் கூட்டத்தில் சொன்னார்கள். கான்கிரீட் இருந்தது, கண்ணாடி இருந்தது, சுவர் இருந்தது. கம்பி இல்லை. ஆர்க்கிடெக்ட் வரையும் மாடலில் கம்பி எப்போதும் இருக்காது. ஸ்ட்ரக்சுரல் அலுவலகத்தில் பார் பெண்டிங் ஷெட்யூல் (எங்கே எவ்வளவு கம்பி என்ற பட்டியல்) கேட்டால், “கனமீட்டருக்கு 100 கிலோ போட்டுக்கோங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க” என்று பதில். ராஃப்ட் (அடித்தளக் கான்கிரீட் தட்டு), ஸ்லாப், தூண் எல்லாவற்றுக்கும் ஒரே நூறு! தூணில் அதைப் போல இரண்டு மடங்குகூடப் போகும். கடைசியில் காண்ட்ராக்டரின் பில்லிங் ஆள்தான் கை கொடுத்தார். கம்பிக்குப் பணம் வாங்க அவர் எடை காட்டியாக வேண்டுமே, அவரிடம் டன் கணக்கு வரிவரியாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் சேதாரம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். சாஃப்ட்வேரும் ஏ5 கட்டத்தில் (சைட்டில் கட்டும் வேலைக்கான பகுதி) தன் பங்குக்கு ஒரு சேதார சதவீதம் போடும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கம்பிக்கான ஈபிடி, அதாவது ஒரு பொருளுக்கு எவ்வளவு கார்பன் என்பது போன்ற தாக்கங்களை எண்ணோடு சொல்லும் அறிக்கை. சப்ளையரிடம் ‘சுற்றுச்சூழல் தயாரிப்பு அறிக்கை’ என்று முழுப் பெயரோடு மெயில் போட்டோம். உடனே பதில் வந்தது, கூடவே ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ். அது அந்த ஆலையில் சுற்றுச்சூழல் நிர்வாக முறை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் காகிதம். ஒரு டன் கம்பிக்கு எத்தனை கிலோ கார்பன் என்று அதில் ஓர் எண்கூட இருக்காது. திரும்பக் கேட்டோம். பச்சை இலை போட்ட ஒரு லேபிள் வந்தது. போனில் பிடித்தால், “எல்லாம் ஒண்ணுதான் சார், போன தடவை இதையே வாங்கிக்கிட்டாங்க.” அவரைத் தாண்டி டெக்னிக்கல் பிரிவுக்குப் போன பிறகுதான் ஈஎன் 15804 (கட்டுமானப் பொருள் ஈபிடிகளுக்கான ஐரோப்பியத் தரம்) என்று முதல் பக்கத்தில் போட்ட உண்மையான ஈபிடி வந்தது. வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் மாட்டியிருப்போம். உள்ளே தயாரிப்பு விவரத்தில் ‘மின்வில் உலை, பழைய இரும்பு’ என்று இருந்தது. சைட்டுக்கு வந்த கம்பியோடு ஆலை தரும் சோதனைச் சான்றிதழான மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை எடுத்துப் பார்த்தால் ஆலையின் பெயரே வேறு. அதே கம்பெனிதான், ஆனால் அங்கே ஊது உலையில் தாதுவிலிருந்து உருக்குகிறார்கள். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் டன்னுக்கு அரை டன் கார்பன் சுற்றுவட்டாரத்தில் முடிந்துவிடும். ஊது உலை வழி என்றால் இரண்டு டன்னுக்கு மேல். இந்த ஒரு காகிதம் மாறினாலே கட்டடத்தின் மொத்த எண் ஆட்டம் கண்டுவிடும்.

அதனால் ஈபிடி கைக்கு வந்ததும் முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள். எந்த ஆலை, எந்தத் தயாரிப்பு முறை, காலாவதித் தேதி (பெரும்பாலும் ஐந்து ஆண்டுதான் செல்லும்), அப்புறம் அலகு. ஒருவர் கனமீட்டருக்குத் தருவார், இன்னொருவர் டன்னுக்குத் தருவார். கான்கிரீட் கனமீட்டருக்கு ஏறக்குறைய 2400 கிலோ என்பதை மறந்து ஏற்றினால், கட்டடம் ஒன்று காகிதம்போல் இலேசாகும், இல்லையென்றால் மலையாகக் கனக்கும்.

கான்கிரீட்தான் எங்களுக்குக் கிடைத்த வெற்றி, ஆனால் அதுவும் லேசில் கிடைக்கவில்லை. ஒரு கிலோ சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு ஏறக்குறைய 0.8 முதல் 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வெளியேறுகிறது. எனவே சூளையை எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது, சிமென்ட்டைக் குறைத்தால்தான் குறையும். ராஃப்டில் பாதி சிமென்ட்டை எடுத்துவிட்டு, இரும்பு உருக்கும் ஊது உலையில் மிஞ்சும் கசடை அரைத்துப் போடலாம் என்றோம். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் 28 நாள் வலிமையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கசடு கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் வலுவேறும், அது உண்மை. ஆனால் ராஃப்ட்டின் மேல் முழுப் பாரமும் ஏறுவதற்குப் பல மாதம் ஆகும். முட்டுக் கழற்றக் காத்திருக்கும் வேலையும் அங்கே இல்லை, பக்கப் பலகை மட்டும்தான். இதை அட்டவணையோடு காட்டிய பிறகு 56 நாள் வலிமைக்கு ஒப்புக்கொண்டார்.

சரி, சிமென்ட்டைக் குறைத்தாகிவிட்டது, இப்போது அதற்கு அத்தாட்சி வேண்டும். ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்குப் போனோம். முதல் முறை போனபோது ‘மிக்ஸ் டிசைன் வெளியே தர அனுமதி இல்லை’ என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அது வீண் அலைச்சல். கேட்க வேண்டியது மிக்ஸ் டிசைனே அல்ல, ஒவ்வொரு லோடுக்கும் கம்ப்யூட்டர் அடிக்கும் பேட்ச் ரிப்போர்ட். அது நம் சைட்டுக்கு வந்த சரக்கின் எடைக் கணக்கு, வாங்கியவர் கேட்டால் மறுக்க முடியாது. காண்ட்ராக்டரின் லெட்டர்ஹெட்டில் கேட்டதும் கட்டாகக் கொடுத்துவிட்டார்கள்.

பிரித்துப் பார்த்தால் நெஞ்சு பக்கென்றது. சல்லி, மணல், தண்ணீர், அட்மிக்ஸர் எல்லாம் சரியாக இருந்தன. நடுவில் இரண்டு பத்தி: கனமீட்டருக்கு ‘சிமென்ட் 1’ 190 கிலோ, ‘சிமென்ட் 2’ 190 கிலோ. கசடு என்ற சொல்லே இல்லை. பேட்ச்சிங் அறையில் இருந்த ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டாவது சைலோ சார். மிஷின் வாங்கினப்ப அப்படித்தான் பேர் போட்டுக் குடுத்தாங்க, யாரும் மாத்தல.” வெளியே வந்து பார்த்தால் இரண்டாவது சைலோவில் கசடு இறக்கிக்கொண்டிருக்கிறது பல்க்கர் லாரி. அந்தக் காகிதத்தை அப்படியே அனுப்பினால் ரிவ்யூ செய்பவர் 380 கிலோவும் சிமென்ட் என்றுதானே எடுப்பார்? கார்பன் கனமீட்டருக்கு 320 கிலோவைத் தாண்டிவிடும். கசடைக் கசடாகக் கணக்கிட்டால் சிமென்ட், கசடு இரண்டும் சேர்ந்து 175 பக்கம் நிற்கிறது. ஆகவே பிளான்ட் மேனேஜரிடம் ‘சிமென்ட் 2 என்பது அரைத்த ஊது உலைக் கசடு’ என்று கையெழுத்து, முத்திரையோடு ஒரு கடிதம், கூடவே அந்தந்தத் தேதிகளில் கசடு வந்து இறங்கிய டெலிவரி சலான்கள். எதிர்பார்த்தபடியே ரிவ்யூவில் வந்த முதல் கேள்வி அந்தப் பத்தியைப் பற்றித்தான். கடிதத்தையும் சலானையும் இணைத்தோம், கேள்வி மூடப்பட்டது. இந்த மொத்த வேலையில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் தந்த தருணம் அது ஒன்றுதான்.

மேல்தளத்தில் கொஞ்சம் மரம் உண்டு. சப்ளையரின் பிரசுரத்தில் கார்பன் மைனஸில் இருந்தது, நிர்வாகத்தில் எல்லோருக்கும் அந்த மைனஸ் மீது ஆசை. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன், அதனால் ஒரு கிலோவுக்கு 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு உள்ளே இருப்பது நிஜம். ஆனால் ஆயுள் முடிவில், சி கட்டத்தில், அது வெளியே போனதாகத் திரும்பக் கூட்டியாக வேண்டும். ஈஎன் 15804 தரத்தின் 2019 திருத்தத்துக்கு முந்தைய ஈபிடிகளில் சி கட்டம் கட்டாயமில்லை, அதனால் ஏ1–ஏ3 (மூலப்பொருள் முதல் ஆலை வாசல் வரை) மைனஸ் மட்டும் பளிச்சென்று நிற்கும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் எங்களுக்கும் நீட்டினார்கள். புதியது கேட்டு வாங்கினோம். டி கட்டமும் இதே ரகம்தான்: எதிர்கால மறுசுழற்சியின் பலனைத் தனி வரியில் காட்டலாம், மொத்தத்திலிருந்து கழிக்கக் கூடாது. எத்தனை பேர் கழித்துத் தரச் சொல்கிறார்கள் தெரியுமா!

கார்பனை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. நாங்கள் விண்ணப்பித்தது லீட் 4-ஆம் பதிப்பின் கீழ். அதில் ஒப்பீட்டுக் கட்டடத்தைவிட (வழக்கமான முறையில் கட்டியதாக வைத்துக்கொள்ளும் கற்பனைக் கட்டடம்) ஆறு சுற்றுச்சூழல் தாக்கங்களில் மூன்றிலாவது 10 சதவீதம் குறைய வேண்டும், அந்த மூன்றில் புவி வெப்பமாதல் கட்டாயம். அதோடு, ஆறில் எதுவும் 5 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது. மேல்தளம் முழுவதையும் மரமாக்கிப் பார்த்தபோது கார்பன் அழகாக இறங்கியது, நீர்நிலைகளில் சத்துமிகுதி (உரச் சத்து சேர்ந்து பாசி பெருகும் தாக்கம்) மட்டும் அந்த ஐந்தைத் தாண்டி ஏறி நின்றது. மரத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் தப்பித்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு பத்தியையும் பாருங்கள். ஒப்பீட்டுக் கட்டடத்துக்கும் நம் கட்டடத்துக்கும் ஒரே கருவி, ஒரே தரவுத்தொகுப்பு என்ற விதியும் இருக்கிறது. ஒரு பக்கம் பழைய சராசரி, மறுபக்கம் பளபள ஈபிடி என்று வைத்து ஜெயிக்க முடியாது.

இதற்கிடையில் கட்டட உரிமையாளருக்கு ஆர்ஐசிஎஸ் (பிரிட்டனின் சர்வேயர்கள் அமைப்பு) முறைப்படி இன்னொரு அறிக்கையும் வேண்டுமாம். லீட் கணக்கில் கட்டமைப்பும் வெளிச்சுற்றும் மட்டும். இதிலோ ஏசி, லிஃப்ட், உள்வேலை, 60 ஆண்டு மின்சாரம் எல்லாம் உண்டு. கண்ணாடி முகப்பை முப்பது முப்பத்தைந்து ஆண்டில் ஒருமுறை மாற்றியதாக பி4 கட்டத்தில் திரும்பவும் ஏற்ற வேண்டும். ஒரே கட்டடத்துக்கு இரண்டு எண்ணைப் பார்த்ததும் “எது உண்மை?” என்று கேட்டார்கள். இரண்டு அறிக்கையின் முதல் பக்கத்திலும் எது சேர்ந்தது, எது சேராதது என்று ஓர் அட்டவணை போட்ட பிறகுதான் கேள்வி அடங்கியது.

அந்த இரண்டாவது அறிக்கையில் ஆச்சரியப்படுத்தியது ஏசி வாயு. ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன்னுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-32 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. 100 கிலோ ஆர்-410ஏ உள்ள அமைப்பில் வருடத்துக்கு 5 சதவீதம் கசிந்தாலே பத்து டன் போய்விடும். ஏசி கம்பெனிக்காரர், “நம்ம சிஸ்டம் லீக்கே ஆகாது சார், ஜீரோ போடுங்க” என்று ஒரே பிடிவாதம். அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல், உரிமையாளரின் பழைய கட்டடத்துப் பராமரிப்புப் பிரிவில் கேஸ் நிரப்பிய பில்களைக் கேட்டோம். வருடம் தவறாமல் இருந்தன. அதன் பிறகு ஜீரோ பேச்சு எழவில்லை.

இப்போது அடுத்த கட்டடத்தின் டெண்டர் தயாராகிறது. அதில் நாங்கள் சேர்த்த ஷரத்தை அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: “கம்பி, சிமென்ட், அலுமினியம், கண்ணாடி ஆகியவற்றுக்கு, சைட்டுக்குச் சரக்கு அனுப்பும் அதே ஆலையின், காலாவதியாகாத, ஏ1–ஏ3, சி, டி கட்டங்கள் கொண்ட ஈபிடியை முதல் லோடுக்கு முன் தர வேண்டும். கான்கிரீட்டுக்கு ஒவ்வொரு லோடின் பேட்ச் ரிப்போர்ட்டும், எந்த சைலோவில் என்ன இருக்கிறது என்ற பிளான்ட்டின் கடிதமும் பில்லோடு இணைக்கப்பட வேண்டும். இவை இல்லாத பில் பாஸ் செய்யப்பட மாட்டாது.” கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள்.