மகளின் பெயரோடு ஒட்டியிருந்த ஒரு வரி

என் மகளுக்கு ஆறு வயது. காய்ச்சலும் தொண்டை வலியும் வந்த இரண்டாம் நாளே டாக்டரிடம் போய்விட்டோம். அவளுடைய மருத்துவக் குறிப்பில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று இருந்ததால் பெனிசிலினுக்குப் பதிலாக அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்தார். ஒரு வயதில் பெனிசிலின் குடும்பத்து மருந்தான அமாக்ஸிசிலின் குடித்தபோது உடம்பில் சிவப்பாகத் தடித்தது. அன்று ஒட்டிக்கொண்ட வரி அது.

மூன்று நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. எச்சில் விழுங்கக்கூட அழுதாள். ஐந்தாம் நாள் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். முதல் டோஸுக்கு முன்பே இதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், எனக்கு அப்போது தெரியவில்லை.

எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. தொண்டையில் இருந்தது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. எரித்ரோமைசின் என்ற மருந்துக்கு நேரே 'எதிர்ப்பு' என்று இருந்தது, அதாவது அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது. அதே குடும்பம்தான் அசித்ரோமைசினும். வேறு வகை ஆன்டிபயாட்டிக்கான கிளிண்டாமைசினும் உதவாதாம். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் தட்டில், எரித்ரோமைசின் தோய்த்த வில்லைக்குப் பக்கத்தில் கிளிண்டாமைசின் வில்லையை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஆகிவிடும். ஒரு மருந்தைக் கண்டதும் இன்னொன்றையும் எதிர்க்கத் தயாராகிவிடும் கிருமி என்று அதற்கு அர்த்தம்.

"பெனிசிலின் இந்தக் கிருமியிடம் இன்றும் வேலை செய்கிறது. அந்த அலர்ஜி நிஜம்தானா?" என்று டாக்டர் கேட்டார். அப்போது மூச்சுத் திணறியதா, முகம் வீங்கியதா, எத்தனையாவது நாள் தடித்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சிறு குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலிலேயே அப்படித் தடிப்பது சகஜமாம். அலர்ஜி என்று எழுதப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நிஜத்தில் அது இருப்பதில்லையாம். அவசரமும் இருந்தது: காய்ச்சல் தொடங்கி 9 நாளுக்குள் சரியான மருந்து ஆரம்பித்தால், இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம்.

அன்றே மருத்துவமனையில் உட்கார வைத்து, முதலில் கொஞ்சம், அப்புறம் மீதி என்று அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் செஃபலெக்சின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் அவள் கழுத்தையும் வயிற்றையும் பார்த்தபடியே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது, நான்காம் நாள் ஓடியாடினாள். அதற்குப் பிறகு மருந்து குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஆனாலும் 10 நாளும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தோம். மறுபரிசோதனையில் டாக்டர் அந்த அலர்ஜி வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, பள்ளிக்குக் கொடுத்திருந்த படிவத்தையும் மாற்றிக் கொடுத்தேன்.