கல்லறைத் தோட்டத்தில் விழுந்த பந்துகள்

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இதுவரை எனக்கு இருந்த ஒரே வேலை, யாராவது கேக் படம் போட்டால் கட்டைவிரலை உயர்த்துவது. போன மார்ச்சில் பள்ளி மலருக்காக, "நம்ம ஃபுட்பால் டீம் வரலாறு நாலு பக்கம் எழுதிக் குடு மச்சா" என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, குழுவில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான். இன்னொன்று, பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததால் எல்லா மேட்சையும் முழுசாகப் பார்த்தவனும் நான்தான். இதைச் சொன்னவன் எங்கள் சென்டர் ஃபார்வர்ட். முப்பத்து நாலு வருஷமாகியும் அவன் பாஸ் கொடுக்கிற லட்சணம் மாறவில்லை.

பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பெங்களூரில் பழைய ஆட்கள் இன்னமும் 'தண்டு' என்று சொல்கிற கண்டோன்மென்ட் பக்கம் இருக்கிற சின்ன கத்தோலிக்கப் பள்ளி. வகுப்புக்கு ஒரு செக்‌ஷன். ஒரு பக்கம் மாதா கோவில், மறுபக்கம் கல்லறைத் தோட்டம், நடுவில் எங்கள் கிரவுண்டு. அதுவும் பாதிதான் எங்களுடையது. செப்டம்பர் 8 மாதா திருவிழா வந்தால் நவநாள் ஒன்பது நாளும் பந்தல்காரன் கோல் கம்பத்தில்தான் கயிறு கட்டுவான்.

சரக்கு தேடிப் போனேன். அலமாரியில் இருந்தவை மூன்று கோப்பைகள். அதில் ஒன்று பாட்டுப் போட்டிக்குக் கொடுத்தது. குரூப் போட்டோக்களைக் கரையான் தின்றுவிட்டது. கடைசியில் ஆபீஸ் அக்கா பரணிலிருந்து ஒரு நீள நோட்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். ஸ்போர்ட்ஸ் ஸ்டாக் ரெஜிஸ்டர், 1968 ஜூன் முதல். நான் இருபத்தைந்து வருஷமாகக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். வரலாறு எழுத வருமோ வராதோ, ஸ்டாக் ரெஜிஸ்டர் படிக்க வரும்.

தேதி, பொருள், வரவு, செலவு, இருப்பு, குறிப்பு. எல்லாம் பிரதரின் கையெழுத்து, எங்கள் அணியைத் தொடங்கி நடத்திய துறவற சபைச் சகோதரர். மங்களூர்க்காரர், வீட்டுமொழி கொங்கணி. தமிழை எங்களிடம்தான் கற்றுக்கொண்டார், அதனால் கெட்ட வார்த்தைதான் முதலில் சுத்தமாக வந்தது. குறிப்புப் பத்தியில் அவர் ஒருவித நீதிமன்றத் தொனியில் எழுதியிருக்கிறார். "பிளாடர் 1, நாய் கடித்தது." "கோல் வலை 1, ஆடு." "பம்ப் ஊசி 1, பிரதர் தொலைத்தார்." தன்னையே படர்க்கையில் குற்றம் சாட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

முதல் பத்து வருஷத்தில் பந்தைவிட பிளாடர்தான் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். என் சித்தப்பா அந்த அணியில் ஆடியவர், அவர் சொல்லித்தான் ஏன் என்று புரிந்தது. ஜலந்தரிலிருந்து வரும் தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர். ஊதி, அதன் கழுத்தை மடித்து நூலால் கட்டி, தோலுக்கு அடியில் தள்ளி, வாயை லேஸ் போட்டு இழுத்து இறுக்க வேண்டும். லேஸ் கோக்க ஒரு இரும்பு ஊசி. கை கொஞ்சம் தவறினால் ஊசி பிளாடரில் இறங்கிவிடும். கழுத்தைச் சரியாக மடிக்காவிட்டால் அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு, பந்து உருளும்போது நொண்டும். மழையில் தோல் தண்ணீர் குடித்து இரண்டு மடங்கு கனக்கும். அதை ஹெட் பண்ணினால் லேஸ் நெற்றியில் அப்படியே பதியும். ஒரு ஜூலை மாதம் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது பாட்டி, "ஏண்டா, இன்னிக்கு என்ன விபூதிப் புதனா?" என்று கேட்டாராம்.

ரெஜிஸ்டர் தொடங்கிய அந்த 1968-69 பருவத்தில்தான் மைசூர் மாநில அணி, அதாவது இன்றைய கர்நாடகம், மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியைத் தொடர்ந்து இரண்டாவது வருஷமும் வென்றது. மறுபடி அந்தக் கோப்பை நம் மாநிலத்துக்கு வர 54 வருஷம் ஆயிற்று, 2023 மார்ச்சில், அதுவும் ரியாத்தில் ஆடி. எங்கள் பிரதர் அணி தொடங்கியதற்கும் 1968க்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், ரெஜிஸ்டரின் முதல் வரி: "பந்து 2, பங்குத்தந்தை வாங்கித் தந்தது, பையன்கள் கோவில் சுவரில் எலுமிச்சம்பழம் உதைப்பதால்."

இந்தப் பகுதிக்கே பந்து புதிதல்ல. என் தாத்தா பாரக்ஸில் பட்லராக இருந்தவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடுவதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்து, பந்து வெளியே வந்தால் எடுத்து உதைத்துத் திருப்பி அனுப்பிய தலைமுறை அது. 1937ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் பம்பாய் போய் ரோவர்ஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தது. அதுவரை எந்த இந்திய அணியும் வெல்லாத கோப்பை. அடுத்த வருஷமும் அவர்களே. தாத்தாவுக்கு மதத்தில் கெடுபிடி உண்டு, ஆனால் அந்த அணியைச் சொல்லும்போது 'நம்ம முஸ்லிம்ஸ்' என்றுதான் சொல்வார்.

எங்கள் கிரவுண்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. கோவில் பக்கம் மேடு, கல்லறைப் பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் பார்த்து ஒரு ஆள் உயரச் சரிவு. கோவிலை வலது கைப் பக்கம் வைத்துத் தாக்கினால் பள்ளம் இடது பக்கம் வரும், பந்து தானாக இடது பக்கம் போகும். அதனால் பள்ளியில் லெஃப்ட் அவுட்டுக்கும் லெஃப்ட் பேக்குக்கும்தான் வேலை. வலது பக்கம் நிற்பவன் காக்கை பார்க்கலாம். இடது காலால் உதைக்கத் தெரியாதவன் அணியில் நிற்க முடியாது. வெளியே மட்டமான மைதானத்தில் ஆடப் போனால் எதிரணிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாது, பதினொரு பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடுகிறார்களே என்று. எங்களுக்கும் புரியாது, பந்து ஏன் வரமாட்டேன் என்கிறதென்று.

மழை பெரிதாகப் பிடித்தால் பிரதர் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து லண்டன் கதை சொல்வார். 1948 ஒலிம்பிக், பிரான்ஸுடன் மேட்ச். நம் ஆட்கள் பலரும் வெறுங்கால். அணியில் நம்ம ஊர் அகமது கான், தன்ராஜ். 2-1 என்று தோற்றோம், அந்த ஒரு கோல் நம் மைசூர் மாநிலத்து சாரங்கபாணி ராமன் போட்டது, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல். இதுவரை சொல்லும்போது பிரதர் முகம் பூரிக்கும். பிறகு குரல் மாறும். "ரெண்டு பெனால்டி கிடைச்சது மேன். ரெண்டும் போச்சு. ரெண்டு!" உடனே மழை நின்றதோ இல்லையோ, ஆளுக்குப் பத்து பெனால்டி, வெறுங்காலோடு. 1948ல் நம் ஆட்கள் தவறவிட்டதற்கு 1990ல் நான் சேற்றில் நின்று பிராயச்சித்தம் செய்திருக்கிறேன்.

சாதனை என்று மலரில் போட ஒன்றுமில்லை. சுப்ரதோ கோப்பைக்கு, டெல்லியில் விமானப்படை 1960லிருந்து நடத்துகிற பள்ளிகள் போட்டிக்கு, ஒருமுறையாவது போக வேண்டும் என்று பிரதருக்கு ஆசை. மாவட்டச் சுற்றையே தாண்டவில்லை. ஒரு வருஷம் எங்களுக்கு எதிராக ஆடிய பதினேழு வயதுக்கு உட்பட்ட அணியின் ஸ்டாப்பருக்கு இருந்த மீசையை என் அப்பாகூட வைத்ததில்லை. மேட்ச் முடிந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தாள். அண்ணன் குழந்தையாக இருக்கும் என்று பிரதர் சொன்னார். அவர் யாரையும் சந்தேகப்படுவதில்லை, சாமியார் மடத்துப் பழக்கம்.

கோப்பை வரவில்லை, ஆனால் வேலை வந்தது. விமானம் செய்கிற எச்.ஏ.எல்., டெலிபோன் செய்கிற ஐ.டி.ஐ., ராணுவத்தின் எம்.இ.ஜி. எல்லாவற்றுக்கும் அணி இருந்த காலம். நன்றாக ஆடினால் ஆளெடுப்பார்கள். ஐ.டி.ஐ. அணி 1977ல் எர்ணாகுளத்தில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் மோகன் பகானையே 1-0 என்று கவிழ்த்தது. அப்பா அங்கே ஃபிட்டர். அன்றிரவு ஷிஃப்ட் முடிந்து ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்தார் என்று அம்மா இன்றும் சொல்வாள், ஏதோ தானே கோல் அடித்த மாதிரி. எங்கள் பள்ளியிலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனவர்கள் என் கணக்கில் ஒன்பது பேர். ஏழு பேர் இடது கால்.

1991 டிசம்பர் பக்கம் ரெஜிஸ்டரில் காலி. காவிரிக் கலவரம். தெருவில் தமிழ் பேசப் பயந்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் கோலி கன்னடப் பையன். கலவரம் தொடங்கிய அன்று மத்தியானம் சைக்கிளில் வந்து ஜெர்சி மூட்டையை எடுத்துக்கொண்டு போனான், "உங்க தெருவுல இருந்தா கொளுத்திருவாங்க" என்று. ஜனவரியில் திருப்பிக் கொண்டுவந்தபோது பதினாலும் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. அவன் அம்மா. எங்கள் ஜெர்சிக்கு இஸ்திரி விழுந்தது அந்த ஒரே தடவைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இருப்புக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. 1971லிருந்து 1986 வரை குறிப்புப் பத்தியில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: "பந்து 1, கல்லறைத் தோட்டத்தில் விழுந்தது, கிடைக்கவில்லை." எண்ணினேன். 41. முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை எண்ணும்போது சிரிப்பு வரவில்லை. பள்ளத்துப் பக்கம் லெஃப்ட் பேக்காக நின்றவன் நான். பந்து சுவர் தாண்டுவது வாரம் ஒருமுறை நடக்கும். ஆனால் அந்தப் பக்கம் குழி வெட்டுகிற தாத்தா இருப்பார். இரண்டு நிமிஷத்தில் பந்து திரும்பி வரும், கூடவே நம் குடும்பத்தைப் பற்றிய நாலு வார்த்தையும். என் காலத்தில் ஒரு பந்துகூடத் தொலையவில்லை. 1987ல் புதிய ஹெட்மாஸ்டர் வந்து ரெஜிஸ்டரில் பச்சை மையில் கையெழுத்துப் போட ஆரம்பித்த பிறகு, ரெஜிஸ்டரிலும் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் எங்கள் சந்துப் பந்து ஞாபகம் வந்தது. எட்டு ஒன்பது வயதில் நாங்கள் உதைத்துப் பழகியது. சந்துக்கே அது ஒன்றுதான், பெரிய பையன்கள் எங்கிருந்தோ கொண்டுவந்தது. அதில் ஒரு வெள்ளைக் கட்டத்தில் மட்டும் தோல் சொரசொரவென்று இருக்கும். கண்ணாடித் துண்டால் சுரண்டிய மாதிரி. விரலை வைத்துத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பள்ளிப் பந்துகளில் பிரதர் அழியாத மையில் எண் போட்டு வைப்பது அதே மாதிரி ஒரு கட்டத்தில்தான் என்று எனக்கு உறைக்க நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "அந்தப் பந்தா? அடுத்த தெருவிலயும் ஒண்ணு இருந்துச்சே" என்றார். "சாக்கடைக்கு அந்தப் பக்கம் குடிசைப் பசங்ககிட்டயும் இருந்துச்சு. அவங்கதான்டா பின்னால கிளப்புக்கெல்லாம் ஆடினானுங்க." யார் கொடுத்தது என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சா கிடைக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பெங்களூரிலேயே கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது, அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா வரிசையில். உலகக் கோப்பை வந்தால் தெருவே மஞ்சள். எங்கள் சந்துக்கு அப்படி ஒரு பெயர் வரவில்லை. கிரவுண்டும் இப்போது மட்டம். போன வருஷம் செயற்கைப் புல் போட்டு, சாயந்திரம் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். வலது பக்கமும் பந்து போகிறது.

பிரதர் இப்போது ஊருக்கு வெளியே சபையின் முதியோர் இல்லத்தில். 88 வயது. நோட்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். என்னை அடையாளம் தெரியவில்லை. லெஃப்ட் பேக் என்றேன். "பெஞ்சா?" என்றார். ஆமாம் பிரதர் என்றேன்.

மடியில் நோட்டை விரித்து வைத்தேன். பம்ப் ஊசி வரியைப் படித்துத் தானே சிரித்தார். நான் பேனாவால் குறி வைத்திருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். கான்டீன் அக்கா டீ கொண்டுவந்து வைத்து, அது ஆடை கட்டிப்போகிற வரை ஒன்றும் பேசவில்லை.

"எவ்வளவு எண்ணினே?"

"நாற்பத்தொண்ணு, பிரதர்."

"தப்பு மேன்" என்று நோட்டை மூடினார். "நாற்பத்து மூணு. ரெண்டு நான் எழுதவே இல்ல."