களிம்பு பிடித்தது கிளிப்பில்

கடல்நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் 500 மணி நேரச் சோதனை நேற்றுக் காலை முடிந்தது. உண்மையான கடல்நீர், சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிஆம்பியர், மின்னழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் இதற்கு முன் இரண்டு மாதம் வீணாகப் போய்விட்டது.

நிக்கல் ஃபோமில் (பஞ்சு போன்ற நிக்கல் தகடு) வினையூக்கியாக நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு பூசியது, உப்புக் கரைசலில் ஓட்டியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்புறம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரையில் இரண்டு கேன் கடல்நீர் பிடித்து பஸ்ஸில் தூக்கி வந்தேன். ஆய்வகப் பாதுகாப்பு அலுவலர் உள்ளே விடவில்லை. கேனில் லேபிள் இல்லையாம், இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் குளோரின் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். கையெழுத்துப் போட வேண்டியவரோ விடுப்பில். பத்து நாளில் தண்ணீர் நாற்றமெடுத்து, கொட்டிவிட்டு மறுபடி போனேன். ஆனாலும் குளோரின் விஷயத்தில் அவர் கேட்டது நியாயம்தான். காரம் சேர்த்த கடல்நீரில்கூட, ஆக்சிஜன் வரவேண்டிய மின்னழுத்தத்தைவிட சுமார் 480 மில்லிவோல்ட் தாண்டினால் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் சேர்மம் உருவாகலாம். படிவத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: காரம் போட்டதும் கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம் வெள்ளையாகத் திரிந்து வரும். இரவு முழுக்கத் தெளியவிட்டு வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் எதிர்மின்வாயில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படியும்.

பெரிய அடி இதற்குப் பிறகுதான். மூன்று முறையும் 60 மணி நேரத்தை ஒட்டி மின்னழுத்தம் எகிறியது. குளோரைடு வினையூக்கியை அரிக்கிறது என்றே நம்பி, பூச்சுக்கு அடியில் நிக்கல் சல்பைடு அடுக்கு சேர்த்தேன். அதே கதை. ஆய்வகத்தில் இருபது வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார்.

"எலெக்ட்ரோட விடு தம்பி, கிளிப்பக் கழட்டிப் பாரு."

கழற்றினால், மின்கம்பியை ஃபோமோடு இணைக்கும் செம்புக் கிளிப் முழுக்கப் பச்சைக் களிம்பு. நிக்கல் ஃபோம் விளக்குத்திரி மாதிரி கரைசலை மேலே உறிஞ்சியிருக்கிறது! மின்னழுத்தம் எகிறியது அந்தக் களிம்பால்தான்; வினையூக்கிக்கு ஒன்றுமே ஆகவில்லை. இப்போது ஃபோமின் மேல்பகுதியைத் தட்டையாக நசுக்கி, நீர்மட்டத்துக்கு மேல் எபாக்சி பூசிவிடுகிறேன். தினமும் ஆவியான அளவுக்குத் தூய நீர் ஊற்றுகிறேன். கடல்நீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கடைசியாகக் கரைசலில் கொஞ்சம் எடுத்து, அமிலமாக்கி, பொட்டாசியம் அயோடைடு விட்டுப் பார்த்தேன். மஞ்சளாகவில்லை, அதாவது ஹைப்போகுளோரைட் தென்படவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.