பாதிப் புள்ளி

“பாத்துக்கோங்க அக்கா” என்று அந்த இளம் ஓவியர் தொலைபேசியில் சொன்னதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அது சம்மதம்தானா என்பது ஓராண்டு கழிந்த பின்னும் எனக்குத் தெளிவாகவில்லை. நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ‘உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்’ என்ற பொருளும் உண்டு. ‘என் பொருட்டு நீங்கள் கவனமாக இருங்கள்’ என்ற பொருளும் உண்டு. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயும் அதையேதான் சொல்லுகிறாள்.

அந்த வார இறுதியில் சென்னையில் நான்கு கண்காட்சிகள் திறந்தன. வெள்ளிக்கிழமை மாலை எங்களுடையது, சனிக்கிழமை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியில் ஒன்று, ஞாயிறன்று ஓவியர்கள் கிராமமான சோழமண்டலத்திலும் நகரத்திலும் இன்னும் இரண்டு. ஓவியம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எல்லா இடங்களுக்கும் சென்றுவிட்டு ஞாயிறு மாலையில்தான் முடிவு செய்வார்கள் என்பதால், எங்களைப் போன்ற சிறிய கூடங்களுக்கு அந்த மூன்று நாட்களே மாதத்தின் வாடகை. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த அந்தத் தம்பியின் முதல் தனிக் கண்காட்சி அது. நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளை அவர் மூன்று பெரிய ஓவியங்களாக வரைந்திருந்தார். நடுவிலிருந்த ஓவியத்தில் ஆட்கள் யாரும் இல்லை. பிரித்து வைத்த வண்டல் மண் அச்சு, இன்னும் பொருத்தப்படாத அடியும் தண்டும் அன்னமும், ஆணியில் தொங்கும் ஒரு துண்டு, இவ்வளவுதான்.

திறப்பு விழாவில் ஏற்றிய குத்துவிளக்கின் தண்டு சற்றுச் சாய்ந்திருந்ததை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி, ஓய்வு பெற்ற செவிலியர், கூட்டம் கலைந்த பிறகு திரியை அணைத்து, மரை சேரும் இடத்தில் தண்டை ஒரு சுற்றுத் திருகி நிமிர்த்தினார். “எங்கப்பா நாச்சியார்கோவில்ல வார்ப்பு வேலை பாத்தாரும்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, நடு ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றார். விலை 45,000 ரூபாய். திங்கட்கிழமை வங்கியில் எடுத்து வருவதாகச் சொன்னார். நான் முன்பணம் கேட்கவில்லை. விலைச் சீட்டின் அருகில் சிவப்புப் புள்ளியைப் பாதியாக வெட்டி ஒட்டினேன். எங்கள் வழக்கத்தில் பாதிப் புள்ளி என்றால் ஒருவருக்காக நிறுத்தி வைத்திருப்பது, முழுப் புள்ளி என்றால் விற்றுவிட்டது. அதன் பொருளை அவருக்கும் விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வந்தவர் மூன்றையும் சேர்த்துக் கேட்டார். இரண்டு மட்டும் போதாது, மூன்றும் ஒரே சுவருக்கு வேண்டும், இன்றே சொல்ல வேண்டும் என்றார். கூடத்தின் உரிமையாளர் வெளியூரில் இருந்தார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார். எங்கள் பங்கான மூன்றில் ஒன்று போக, ஓவியருக்கு 90,000 ரூபாய் கிடைக்கும். ஓவியங்களுக்குச் சட்டம் போடவும் வண்டிக்கும் மட்டும் அவர் 22,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தது எனக்குத் தெரியும். அவரை அழைத்தபோது கிளாம்பாக்கத்தில் ஊர்ப் பேருந்தில் ஏறி அமர்ந்திருந்தார். மூன்றையும் ஒருவர் கேட்கிறார், நடு ஓவியத்தை ஓர் அம்மா கேட்டு வைத்திருக்கிறார், ஆனால் முன்பணம் தரவில்லை என்றேன்.

“அந்த அம்மா வருவாங்களாக்கா?”

“உறுதியாச் சொல்ல முடியாது தம்பி.”

சற்று நேரம் பேருந்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகுதான் அந்தச் சொல் வந்தது.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பணம் தராத எவரைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் வருவார் என்று நான் நம்பினேன். அதைவிடவும், அவருடைய தந்தை யார் என்பதையும், அவர் தண்டைத் திருகி நிமிர்த்தியதையும் நான் ஓவியரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு விடை தந்திருப்பாரா? கடனில் இருப்பவரிடம் அதைச் சொல்லி 90,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல வைப்பது நியாயமாக இருந்திருக்குமா? அவருக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் மறைத்தேன் என்று சில நாட்கள் எனக்குத் தோன்றுகிறது. விற்பனை கைநழுவிவிடக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று வேறு சில நாட்கள் தோன்றுகிறது.

சோழமண்டலத்தைத்தான் அப்போதும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருட்களையும் செய்து விற்றே காலூன்றினார்கள். ஓவியனுக்கு முதலில் பணம் வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் அதே வரலாற்றை மறுபக்கமாகவும் படிக்கலாம்: ஓவியம் விற்றால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை வேண்டாம் என்பதற்காகவே அவர்கள் துணியில் கை வைத்தார்கள். அந்த ஓவியத் தம்பிக்கு அந்த வழி இல்லை. அவருக்கு இருந்தது நான் ஒருத்திதான்.

பாதிப் புள்ளியை உரித்துவிட்டு முழுப் புள்ளியை ஒட்டினேன். அன்றிரவே அந்த அம்மாவை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். திங்கட்கிழமை கூடம் திறந்த சற்று நேரத்தில் அவரே வந்துவிட்டார். கண்காட்சி முடியும்வரை விற்ற ஓவியங்களும் சுவரிலேயே இருக்கும். முழுச் சிவப்பைப் பார்த்தவர் நான் தமக்காகத்தான் அதை ஒட்டியிருக்கிறேன் என்று எண்ணி, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே பையிலிருந்து வங்கி உறையை எடுத்தார்.

நான் சொல்லி முடித்ததும், “சரிம்மா, அந்தப் பிள்ளைக்கு நல்லதுதானே” என்றார். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு முன்பணம் வாங்காமல் புள்ளி ஒட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனாலும் சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் சிறிய கோட்டோவியம் ஒன்றை நிறுத்தி வைக்கச் சொன்னபோது, ஒன்றும் வாங்காமலேயே புள்ளியை வெட்டினேன். அந்தத் தம்பி இப்போது அடுத்த வரிசையை வரைந்துகொண்டிருக்கிறார். பட்டறைகளுக்குள் இருந்த பழைய ஆட்களை விசாரித்து அறிய வேண்டும், யாராவது தெரியுமா அக்கா என்று சென்ற வாரம் கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். அந்த அம்மாவின் பெயரும் எண்ணும் வருகைப் பதிவேட்டில், அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருக்கின்றன.