அடியில் எதுவும் எழுதாத மூன்று பீங்கான் ஜாடிகள்

ஏலத்தில் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை. மூன்றிலும் முத்திரை கிடையாது. கூட வந்த சீட்டில் "கிழக்காசியப் பீங்கான், பழையது" என்று மட்டும் இருந்தது. எவ்வளவு பழையது, எந்த நாட்டுச் சரக்கு என்று பார்க்க உட்கார்ந்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

அடையாளத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டேன். விரிசல் விட்ட பனிக்கட்டி போன்ற நீலத்தில் வெள்ளைப் பிளம் பூக்கள் உள்ளது நீல ஜாடி. நீலம், செங்கல் சிவப்பு, பொன் மூன்றும் கலந்தது சிவப்பு ஜாடி. இளஞ்சிவப்புப் பியோனிப் பூக்களும் அடியில் ஓர் ஓட்டையும் உள்ளது பூ ஜாடி.

முதல் தப்பு முதல் வாரத்திலேயே. முத்திரை இல்லையென்றால் 1891க்கு முந்தியது என்று எங்கோ படித்ததை அப்படியே நம்பினேன். அமெரிக்காவில் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890இல் வந்தது. 1891 முதல் அங்கே இறங்கும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 'சைனா', 'நிப்பான்' என்ற எழுத்துகள் அடியில் பரவலானது அதனால்தான். 1921க்குப் பிறகு 'நிப்பான்' போய் 'ஜப்பான்' ஆனது. ஆனால் இதெல்லாம் அமெரிக்கா போன சரக்குக்கு. வேறு நாட்டுக்குப் போனதிலும் உள்ளூரில் விற்றதிலும் எழுத்து இருக்க வேண்டியதில்லை. சிலவற்றில் காகிதச் சீட்டுதான் ஒட்டியிருக்கும். ஒரு தடவை கழுவினால் அதுவும் போச்சு. ஆக, எழுத்து இல்லாததை வைத்து வயது சொல்ல முடியாது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. நீல ஜாடியின் அடியில் நீலத்தில் இரட்டை வட்டம், நடுவில் வெறுமை. 1677இல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஷெனின் அதிகாரி ஒருவர், பேரரசர் காலப் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்து குப்பைக்குப் போனால் பெயருக்கு அவமரியாதையாம். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வெறும் இரட்டை வட்டத்தோடு நிறைய ஜாடிகள் வந்தன. பிளம் பூவும் பனி விரிசலும் சீனப் பேரரசர் காங்ஷியின் காலத்துக்கே (1662–1722) பேர்போன அலங்காரம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜாடியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கை படாத இடத்தில் வைத்தேன்.

பத்து மடங்கு லென்ஸ் வந்த பிறகுதான் கீழே இறக்கினேன். கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, படாத அடி வளையத்தில் பழுப்புக் கறை. ஈரப் பஞ்சால் துடைத்தேன், பஞ்சு பழுப்பானது, வளையம் வெளுத்தது. வளையத்தின் தேய்மானத்தைப் பார்த்தால் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாக, சீப்பால் வாரியது போல ஓடின. இருநூறு முந்நூறு வருஷம் மேசையில் நகர்ந்த ஜாடிக்குக் கீறல் இப்படி வராது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று குறுக்கே என்று கண்டபடி கிடக்கும். இது உப்புத்தாள் வேலை. கடைசியாக உள்ளே விரலை விட்டேன். சக்கரத்தில் வனைந்த ஜாடியில் விரல் வரிகள் சுற்றிச் சுற்றி வரும். இதில் வழவழவென்று சுவர், மேலிருந்து கீழே எங்கும் ஒரே கனம், நெடுக்காக மெல்லிய ஒட்டுத் தடம். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி எடுத்தது. காங்ஷி காலத்தில் உருண்டை ஜாடியை அப்படிச் செய்ததில்லை. போலி செய்தவருக்கும் அந்த 1677 கதை தெரிந்திருக்கிறது, அதுதான் விஷயம். இப்போது அதில் வண்ணப் பென்சில்கள் இருக்கின்றன.

அன்று முதல் எந்த ஜாடியையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். மேலே உள்ள ஓவியத்தை யாரும் எப்போதும் பார்த்து வரையலாம். அடியில் மெனக்கெடுகிறவர்கள் குறைவு.

சிவப்பு ஜாடி அவ்வளவு படுத்தவில்லை. இந்த வண்ணக் கூட்டுக்கு இமாரி என்று பெயர். செய்தது ஜப்பானின் அரிதாவில், கப்பலேறிய துறைமுகம் இமாரி. சீனர்களும் 18ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்துச் செய்தார்கள் என்பதால் எந்த நாடு என்ற கேள்வி இருந்தது. அரிதாத் தட்டுகளின் அடியில் முட்டுக்கொடுத்த சிறு கூம்புகளின் புள்ளித் தழும்பு இருக்கும் என்று படித்துவிட்டு ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அடி அகலமான தட்டு சூளையில் தொய்யாமலிருக்கத்தான் அந்த முட்டு. என் ஜாடியின் அடி உள்ளங்கை அகலம்கூட இல்லை, அதற்கு எதற்கு முட்டு? வழி காட்டியது நிறம்தான். சிவப்பு தடிப்பாக, அடர்த்தியாக அப்பியிருக்கிறது, அது ஜப்பான் பக்கம். நீலமோ கண்ணைக் குத்தும் ஊதா கலந்த நீலம். இந்த நீலத்தைத் தருவது கோபால்ட். ஆலையில் தயாரான கோபால்ட் மெய்ஜி காலத்தில்தான் (1868–1912) அரிதாவுக்கு வந்தது. பழைய கல் கோபால்ட் இப்படிப் பளிச்சிடாது, சாம்பல் ஓடும். அரிதா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று சீட்டு எழுதி உள்ளே போட்டுவிட்டேன்.

நாலு மாதத்தில் பாதியைத் தின்றது பூ ஜாடி. யாரோ அடியில் துளைபோட்டு மேசை விளக்காக்கியிருக்கிறார்கள். பெட்டியில் மட்டமானது இதுதான் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு எனாமல் (கிளேஸுக்கு மேல் தீட்டும் வண்ணம்) சீனாவில் 1720களை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த நிறம் பொன்னிலிருந்து வருவது. எனவே அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. லென்ஸில் பூவிதழ் ஓரத்தைப் பார்த்தேன், அச்சுப் படத்தில் வரும் வண்ணப் புள்ளிகள் இல்லை, தூரிகை இழுத்த தடம் இருக்கிறது. உள்ளே, வயிற்றின் நடுவில் விரலுக்குக் கிடைமட்டமாக ஒரு மேடு தட்டுகிறது. இரண்டு பகுதியாக வனைந்து களிமண் குழம்பால் ஒட்டிய இடம். அடி வளையத்தில் கிளேஸ் முடிகிற கோட்டில் மெல்லிய ஆரஞ்சு ஓரம், களிமண்ணிலுள்ள இரும்பு சூட்டில் விட்ட நிறம். ஈரப் பஞ்சுக்கு அது அசையவில்லை. புற ஊதா டார்ச் அடித்தால் வாய் விளிம்பில் நகமளவு இடம் மட்டும் வெள்ளையாக ஒளிர்கிறது. அங்கே உடைந்து, பிசின் வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

அப்புறம் ஓட்டை. விளக்காகவே செய்தது என்றால் துளையின் உள்விளிம்பில் கிளேஸ் வழிந்திருக்கும். இதில் விளிம்பு சிறு சிறு செதில்களாகப் பெயர்ந்து, வெறும் வெள்ளை மண் தெரிகிறது. சுட்டபிறகு போட்ட துளை, சந்தேகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த விளிம்பை லென்ஸோடு மெதுவாகச் சுற்றி வந்தேன். ஓரிடத்தில் சிவப்பாக ஒரு துணுக்கு. அழுக்கு என்று நினைத்து ஈரப் பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் கிளேஸுக்கு மேலே, மெலிதாக, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கோட்டின் நுனி.

முத்திரை இல்லாத ஜாடி என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது முத்திரை இருந்த ஜாடி! துளை போட்டவர் நடு மையம் பார்த்து, அதன் மேலேயே போட்டிருக்கிறார்.

என்ன முத்திரை என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். சிவப்பில் சதுர முத்திரையாக ஒரு பேரரசர் காலப் பெயர் இருந்திருக்கலாம், 19ஆம் நூற்றாண்டில் அது சகஜம். ஏற்றுமதிக்காக அதே சிவப்பில் குத்திய 'சைனா' என்ற ஆங்கில எழுத்தாகவும் இருக்கலாம். அப்படியென்றால் ஜாடி 1891ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. துணுக்கு கொஞ்சம் வளைந்திருப்பது போலத் தெரிகிறது. சதுர முத்திரையின் கோடு என்றால் பெரும்பாலும் நேராக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு மில்லிமீட்டரில் வளைவு எது, தூரிகை நடுக்கம் எது? முப்பது மடங்கு லென்ஸ் ஒன்று சொல்லியிருக்கிறேன். பூ ஜாடி இப்போது மேல்தட்டில் இருக்கிறது.