பக்கத்து வீட்டுப் புல்லும் என் பெயரும்

ஃப்ளோரிடாவில் பக்கத்து வீட்டில் புல் மண்டிக் கிடக்கிறது என்று கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) போன் போட்டால், முதலில் உங்கள் பெயரையும் முகவரியையும்தான் கேட்பார்கள். 2021 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் கிளம்ப மாட்டார். உடனடி ஆபத்து ஏதாவது இருந்தால்தான் விதிவிலக்கு. போதாததற்கு இந்த மாநிலத்தில் அரசு ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். யார் புகார் கொடுத்தார்கள் என்று நோட்டீஸ் வாங்கியவர் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நாங்கள் இருப்பது தாம்பா பக்கத்தில், ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இல்லாத ஒரு பழைய தெரு. ஹெச்ஓஏ இருக்கும் குடியிருப்புகளில் இதற்கென்றே ஒரு சங்கம் உண்டு, புல் கொஞ்சம் உயர்ந்தாலே கடிதம் வந்துவிடும். குப்பைத் தொட்டியை ஒரு நாள் உள்ளே எடுத்துவைக்க மறந்ததற்கு என் நண்பன் ஒருவன் கடிதம் வாங்கியிருக்கிறான். (2024ல் வந்த சட்டப்படி, குப்பை எடுக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் தொட்டி வெளியே இருந்தால் சங்கம் அபராதம் போட முடியாது. அவனுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்த சட்டம்.) அந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் இங்கே வீடு வாங்கினோம். சங்கம் இல்லாவிட்டாலும் கவுன்ட்டியின் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் (விதிமீறல்களைக் கவனிக்கும் பிரிவு) இருக்கிறது என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன், அக்டோபர் 9ஆம் தேதி இரவு மில்டன் என்று அடுத்தடுத்து இரண்டு புயல். பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மகள் வந்து ஜார்ஜியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். யாரோ நனைந்த சோபா, கார்பெட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் தெருவோரம் இழுத்துப் போட்டார்கள். புயல் குப்பையில் மரக்கிளை தனி, இடிபாடு தனி, ஃப்ரிட்ஜ் அடுப்பு தனி என்று பிரித்து வைத்தால்தான் நகம் வைத்த பெரிய லாரி அள்ளிக்கொண்டு போகும். பாட்டி வீட்டுக் குவியலில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. லாரி கிளைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது. அப்புறம் புயல் குப்பை எடுப்பதற்கான கெடுவும் முடிந்தது.

அந்த ஃப்ரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மின்சாரம் போய், உள்ளே இருந்த இறைச்சியோடு அழுகியதை அப்படியே வெள்ளி நிற டேப் சுற்றி மூடியிருந்தார்கள். கோடை வெயிலில் டேப் பிசின் உருகிக் கழன்று கதவு விரலளவு திறந்துகொண்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் சமையலறை ஜன்னலைத் திறக்க முடியாது. ஜூனில் மழை தொடங்கியதும் புல் என் முழங்காலைத் தாண்டியது. எங்கள் ஊரில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்தால் விதிமீறல். சோபாவுக்கு அடியிலிருந்து எலி ஓடுவதை என் மகள் பார்த்துவிட்டு வாசலில் விளையாடப் போக மாட்டேன் என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கும்போதெல்லாம் "ரிப்போர்ட் பண்ணு, விதி என்றால் விதி" என்பார். நீங்களே பண்ணலாமே என்றால், "உன் வீட்டை ஒட்டித்தானே இருக்கிறது" என்று நழுவிவிடுவார். மூலைவீட்டில் இருப்பவர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அம்மா. எனக்கு அவரைப் பார்த்தால் அக்கா என்றுதான் வாயில் வரும். அவர் நேர்மாறு. "வயசான பொம்பளை, புயலில் எல்லாம் போச்சு, அவளை அரசாங்கத்திடம் காட்டிக் கொடுக்கப் போகிறாயா?" என்றார். கூடவே டனீடின் கதையையும் எடுத்துவிட்டார்.

கதையில்லை, நடந்ததுதான். டனீடின் எங்களுக்குப் பக்கத்து ஊர். 2018ல் அங்கே ஒருவர், இறந்துபோன தாயின் வீட்டு விவகாரங்களைப் பார்க்க வெளிமாநிலம் போயிருந்தார். அவருடைய புல்லை வெட்ட ஒப்புக்கொண்டிருந்த நண்பரும் இறந்துபோனார். புல் வளர்ந்தது. ஏற்கெனவே ஒரு முறை நோட்டீஸ் வாங்கியவர் என்பதால் நாளுக்கு 500 டாலர் அபராதம். அவருக்கு விஷயம் தெரிவதற்குள் கிட்டத்தட்ட 30,000 டாலர் ஏறிவிட்டது. கட்ட முடியாததால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோக நகரம் முடிவெடுத்து, வழக்கு நாடு முழுக்கச் செய்தியானது. இதைக் கேட்ட பிறகு யாருக்குப் புகார் கொடுக்கக் கை வரும்?

வீட்டில் வேறு கவலை. "ஏங்க, நாமளே கிரீன் கார்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். எந்த கவர்மென்ட் பேப்பர்லயும் நம்ம பேரு வரணுமா?" புகார் கொடுப்பதற்கும் கிரீன் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் விசாவில் வாழ்பவர்களுக்கு அந்தப் பயம் அறிவோடு சேர்ந்தது இல்லை.

நான் முதலில் செய்தது கவுன்ட்டியின் ப்ராபர்ட்டி அப்ரெய்சர் தளத்தில் வீட்டு எண்ணைப் போட்டுத் தேடியது. எந்த வீடு யார் பெயரில் இருக்கிறது, வரிக் கடிதம் எந்த முகவரிக்குப் போகிறது என்பதெல்லாம் அங்கே எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். முகவரி ஜார்ஜியாவுக்கு மாறியிருந்தது. பாட்டிக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினேன்: நலமா, வாசலில் இன்னது கிடக்கிறது, வேண்டுமானால் புல்லை நானே வெட்டித் தருகிறேன், ஃப்ரிட்ஜை எடுக்க மட்டும் உங்கள் அனுமதி வேண்டும். பதில் வரவில்லை. மூலைவீட்டு அக்காவிடம் பாட்டியின் மகளுடைய போன் எண் இருந்தது. கேட்டேன், பேசிப் பார்க்கிறேன் என்றார். வாரங்கள் ஓடின.

அப்புறம்தான் கவுன்ட்டிக்குப் போன் செய்தேன். அதற்குமுன் இதைப் பற்றிய ஃப்ளோரிடா சட்டத்தின் 162ஆவது அத்தியாயத்தை ஒரு முறை படித்துப் பார்த்தேன். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தவுடன் அபராதம் இல்லை. நோட்டீஸ் கொடுத்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும். அதற்குள் செய்யாவிட்டால்தான் ஸ்பெஷல் மாஜிஸ்ட்ரேட் முன் விசாரணை. அவர் ஒரு கெடு வைத்து உத்தரவு போட்டு, அதையும் தாண்டினால்தான் நாள் கணக்கில் அபராதம். பொதுவாக நாளுக்கு 250 டாலர் வரை, அதே தவறு திரும்ப நடந்தால் 500 வரை. பெரிய ஊர்கள் தனியாக விதி வகுத்து இதைக் கூட்டிக்கொள்ளலாம். கட்டாத தொகை வீட்டின் மேல் லீனாக, அதாவது சொத்தைப் பிணைக்கும் பாக்கியாக, ஏறும். ஆனால் உரிமையாளர் குடியிருக்கும் வீடாக, ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு உள்ளதாக இருந்தால், அந்த லீனுக்காக வீட்டை ஏலம் விட முடியாது என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. பாட்டி ஜார்ஜியாவில் தங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு நிற்குமா என்பது வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு உறுத்திய இடமும் அதுதான்.

போனில் பேசிய பெண் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "இது பொது ஆவணமாகும், தெரியுமல்லவா?" என்றார். தெரியும் என்றேன். உரிமையாளர் வயதானவர், புயலில் பாதிக்கப்பட்டவர், ஜார்ஜியாவில் இருக்கிறார் என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். பிறகு அந்த வழக்கில் மிகவும் உதவியது அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு காலை வந்தார். கையில் அளவு குறித்த ஒரு குச்சி. அதைப் புல்லுக்குள் நட்டு, எண் தெரியும்படி குனிந்து படம் எடுத்தார். ஃப்ரிட்ஜைச் சுற்றி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கதவில் ஒரு அட்டையை மாட்டினார். திரும்பும்போது எங்கள் வீட்டு முன்பகுதியில் கத்தரிச் செடிகளையும் முருங்கையையும் பார்த்தபடி நின்றார். எனக்குத் திக்கென்றது. "நல்லா காய்க்கிறதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். 2019 முதல் இந்த மாநிலத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டத்தை நகரமோ கவுன்ட்டியோ தடுக்க முடியாது. மயாமி ஷோர்ஸில் ஒரு தம்பதி முன்வாசலில் பதினேழு வருடம் காய்கறி வளர்த்த பிறகு, பிடுங்காவிட்டால் நாளுக்கு 50 டாலர் என்று மிரட்டப்பட்டு, கோர்ட்டுக்குப் போய்த் தோற்று, கடைசியில் சட்டசபை வழியாக ஜெயித்த விஷயம் அது. என் கத்தரிக்காய்க்கு அவர்கள்தான் காவல்.

இன்ஸ்பெக்டர் அதோடு போகவில்லை. எதிர்வீட்டு முன்புல்லில் நிறுத்தியிருந்த படகு டிரெய்லரையும் படம் எடுத்தார். தன் கண்ணால் கண்டதற்கு அவருக்கு யார் பெயரும் வேண்டியதில்லை. மறுவாரம் "விதி என்றால் விதி" ஐயாவுக்கு ஒரு நோட்டீஸ். அன்று மாலை அவர் சிவந்த முகத்தோடு வாசலுக்கு வந்தார். "என் டிரெய்லரைப் பற்றியும் நீதான் சொன்னாயா?" இல்லை என்றேன். நம்பவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், என் பெயரில் ஒரு புகார்தான் இருக்கும் என்றேன். நிஜமாகவே கேட்டு வாங்கினார். அதன் பிறகும் பேச்சு நின்றுதான் போயிற்று. டிரெய்லரை மட்டும் வேலிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

ஜார்ஜியாவுக்குப் போன பதிவுத் தபாலுக்கு, என் கடிதத்துக்குக் கிடைக்காத மரியாதை கிடைத்தது. பாட்டியின் மகள் இன்ஸ்பெக்டரை அழைத்தார். இன்ஷூரன்ஸ் பணம் இன்னும் வரவில்லை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாராம். கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகக் குப்பை அகற்றித் தரும் ஒரு சர்ச் குழுவின் எண்ணையும் இன்ஸ்பெக்டரே கொடுத்திருக்கிறார். அந்தக் குழு ஒரு சனிக்கிழமை டிரக்கோடு வந்தது. புல்லை நான்தான் வெட்டினேன், பாட்டி மகளின் அனுமதியோடு. விசாரணைத் தேதிக்கு முன்பே வழக்கு மூடப்பட்டது, அபராதம் ஒரு டாலரும் இல்லை.

மகள் பிறகு என்னிடம் போனில் பேசினார். உங்கள் கடிதம் வந்தது, படித்தோம், என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டோம் என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. அது நியாயம்தான்.

மூலைவீட்டு அக்கா கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. போன வாரம் அவராகவே வந்தார். தெருக்கோடியில் யாரோ மெத்தைகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம், பார்க்கவே சகிக்கவில்லையாம். "உன் பெயர்தான் ஏற்கெனவே அங்கே இருக்கிறதே, இதையும் நீயே சொல்லிவிடேன்." முடியாது அக்கா என்று சொல்லி, கவுன்ட்டி எண்ணை அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன்.