பாதியில் நின்ற அப்டேட்

நேற்று ஏற்காட்டில் அடைமழை. சித்தப்பா கடை கம்ப்யூட்டரில் உபுண்டு (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) அப்டேட் ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. அப்புறம் எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் டிபிகேஜி (dpkg, உபுண்டுவில் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, நிறுவும் கருவி) பாதியில் நிற்கிறது என்றே வந்தது.

"ஃபார்மட் அடிச்சிரலாமாப்பா?" என்றார். மிளகு, காப்பிக்கொட்டைக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது! வேண்டவே வேண்டாம் சித்தப்பா என்றேன்.

பாதியில் நின்றதை முடித்துவைக்கும் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' (sudo dpkg --configure -a) கட்டளையைக் கொடுத்தேன். கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) வரை வந்து மறுபடி நின்றது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப் -ஹெச்' (df -h) போட்டுப் பார்த்தால், கர்னல்கள் இருக்கும் டிஸ்க் பகுதியான பூட் பார்ட்டிஷன் 100% நிரம்பிக் கிடக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கர்னலைத் தொடாமல், பழையவை இரண்டை நீக்கினேன். அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்ததும் கடகடவென்று முடிந்தது.

இப்படி நின்றால் சிலர் லாக் ஃபைலை (ஒரே நேரத்தில் இரண்டு இன்ஸ்டால் ஓடாமல் தடுக்கும் ஃபைல்) அழிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், பின்னணியில் ஆப்ட் (apt, டிபிகேஜியை இயக்கும் கருவி) ஓடிக்கொண்டிருந்தால் பேக்கேஜ் விவரமே கெட்டுப்போகும்.

ராத்திரி ஒன்பதரைக்குச் சித்தப்பா முதல் பில் அடித்தார், அரைக்கிலோ மிளகுக்கு.